சீசன் மாத்திரை

குற்றாலத்தில் கடை வைத்திருப்பவனுக்கு வெளியூரிலிருந்து வரும் போன்களில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, அருவில தண்ணி விழுதா?" மதுரையிலிருந்து கேட்பார்கள், சிவகாசியிலிருந்து கேட்பார்கள். என்றைக்கோ ஒரு நாள் என் கடையில் புரோட்டா தின்றுவிட்டு நம்பரை வாங்கிப் போயிருப்பார்கள், எனக்கு முகம்கூட நினைவிருக்காது. நானும் சலிக்காமல் பதில் சொல்வேன். இந்த வருடம் அந்தப் பதிலை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, கழுத்தில் சொருகிய குழாயோடு சொன்னேன். "விழுது, நல்லா விழுது, வாங்க" என்று சொல்லிப் போனை வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் பெயர் பரமசிவன். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் புரோட்டாக் கடை. முதலாளியும் நானே, மாஸ்டரும் நானே. வீடு மேலகரத்தில். சிறுநீரகம் கெட்டுப்போய் பங்குனி மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன ஆச்சு, எப்படி ஆச்சு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. கல்லூரியில் படிக்கிற என் மகள் காவேரி, "எழுதி வச்சிருங்கப்பா, கேக்குதவங்களுக்கு அனுப்பிரலாம்" என்றாள். சும்மா கிடக்கிறவனுக்கு இதுவும் ஒரு வேலைதானே என்று உட்கார்ந்தேன். ஆறுதல் தேடி வாசிக்க வந்தவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அது என் கைவசம் இல்லை.

முதலில் எங்கள் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன், நோய் அதற்குள்தான் இருக்கிறது. ஆனி பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்தில் சீசன். ஆவணி வரைக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பிறகு கொஞ்சம் ஓய்ந்து, கார்த்திகையில் ஐயப்பசாமிகள் வரத் தொடங்கினால் தை வரை மறுபடியும் ஓட்டம். மாசியிலிருந்து வைகாசி வரை பாறைதான் தெரியும், குரங்குகூட கீழே இறங்காது. அந்த மாதங்களில் கடையை அடைத்துவிடுவோம். கல்லைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவிச் சுவரில் சாய்த்துவிட்டு ஆளாளுக்கு ஊருக்குப் போய்விடுவோம். நான் வீட்டில் கிடந்து தூங்குவேன். சாப்பிட எழுப்புவாள் என் மனைவி லெட்சுமி, சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குவேன்.

சீசன் என்றால் புரோட்டாக் கல்லின் முன்னால் நிற்பது. உட்கார முடியாது. முகத்துக்கு நேரே அனல், முதுகுக்குப் பின்னால் சாரல் காற்று. முழங்காலும் குதிகாலும் விண்விண்ணென்று தெறிக்கும். அதற்கு ஒரு வலி மாத்திரை உண்டு. எந்த மெடிக்கலில் கேட்டாலும் தருவார்கள். குற்றாலத்து அடுப்படிகளில் அதற்குச் 'சீசன் மாத்திரை' என்றே பெயர். உப்புச் சட்டிக்குப் பக்கத்தில் அட்டை கிடக்கும். சாயங்காலக் கூட்டம் வருவதற்கு முன்னால் ஆளுக்கு ஒன்று போட்டுக்கொள்வோம். இன்னொரு வழக்கமும் உண்டு. கல்லில் நிற்கிறவன் தண்ணீர் குடிக்க மாட்டான். குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். கக்கூஸ் கடைக்குப் பின்னால் ஓடையைத் தாண்டி இருக்கிறது. போய்வருவதற்குள் நான்கு மேசை கத்த ஆரம்பித்துவிடும். அதனால் தொண்டை காய்ந்தால் அரை டம்ளர் டீயோடு சரி. அருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நிற்கிற ஆட்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

என் அப்பா காலத்திலும் இப்படித்தான் நடந்தது. அவர்கள் தப்பித்ததற்குக் காரணம் அந்த மாசி முதல் வைகாசி வரையிலான தூக்கம் என்று இப்போது தெரிகிறது. உடம்பு கெட்டதைச் சரிசெய்துகொள்ள அதற்கு ஒரு பருவம் இருந்தது. நான் அந்தப் பருவத்தை எடுத்து விற்றுவிட்டேன். சில வருடங்களாக அருவியில் தண்ணீர் இல்லாவிட்டாலும் சனி ஞாயிறுகளில் கார்கள் வர ஆரம்பித்தன. யாரோ செல்போனோடு வந்து நான் புரோட்டா வீசுவதைப் படம் எடுத்துப் போட்டார்கள், அதைப் பார்த்து இன்னும் நான்கு பேர் வந்தார்கள். கல்யாண வீடுகளில் புரோட்டாவுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பங்குனி வெயிலிலும் கல் எரிந்தது. சீசன் வருடம் முழுவதும் ஆனபோது சீசன் மாத்திரையும் வருடம் முழுவதும் ஆகிவிட்டது. "ஒரு மாசமாவது அடைச்சுப் போட்டுட்டு கிடங்களேன்" என்பாள் லெட்சுமி. சும்மா இருப்பது எனக்கு அவமானமாக இருந்தது. ஊரே உழைக்கும்போது நான் மட்டும் படுத்துக் கிடந்தால் என்ன நினைப்பார்கள் என்று கூசும்.

இத்தனைக்கும் மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று எனக்குத் தெரியும். பிசைந்த மாவை எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு மூடிவைக்க வேண்டும். ஊறாத மாவை வீசினால் கிழிந்துபோகும், எந்தக் கொம்பனாலும் இழுக்க முடியாது. அவசரப்பட்டு எடுத்த கடை ஆட்களை எத்தனையோ முறை ஏசியிருக்கிறேன். மாவுக்கு இருந்த மரியாதை என் உடம்புக்கு என் கடையில் இல்லாமல் போனது.

பங்குனியில் முதலில் கெட்டது நாக்கு. சால்னாவில் உப்பு போதவில்லை என்று நான் போட, வந்தவர்கள் கரிக்கிறது என்று முகத்தைச் சுளித்தார்கள். அப்புறம் கால் வீங்கியது. நின்றால் வீங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன். காலையில் கண்ணாடி பார்த்தால் முகம் உப்பி, வேறு எவனோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போலிருந்தது. சோற்றைக் கண்டாலே குமட்டியது. வாயுத் தொந்தரவு என்று மேலகரத்தில் மாத்திரை வாங்கிப் போட்டேன். கடையில் என்னோடு நிற்கும் லெட்சுமியின் தம்பி சுடலைமுத்துதான் ஒரு நாள் என் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினான்.

"அத்தான், மூஞ்சியக் கண்ணாடில பாத்தேளா இல்லியா? வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"சவத்த விடுலே. ஞாயித்துக்கிழமை கழியட்டும்."

"ஞாயித்துக்கிழம வாரம் வாரம் வருது அத்தான். நீங்க ஒரு ஆளுதான்."

தென்காசியில் ரத்தம் எடுத்தார்கள். ரிப்போர்ட் வாங்கப் போனால், இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்றார்கள். இரண்டாவது முறை எடுத்ததும் சன்னலில் இருந்த பெண் ரிப்போர்ட்டை என்னிடம் தராமல், "நீங்க நேரா டாக்டரப் போய்ப் பாருங்க சார்" என்றாள். அதுவரை என்னை 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று 'சார்' ஆக்கிவிட்டாள்.

'கிரியாட்டினின்' என்று ஒன்று சொல்வார்கள். பயப்பட வேண்டிய சொல்தான், ஆனால் புரியாத விஷயமல்ல. உடம்பு வேலை செய்தால் தசையிலிருந்து ஒரு கழிவு ரத்தத்தில் சேரும். சிறுநீரகம் என்பது டீ வடிகட்டி மாதிரி, அந்தக் கழிவைப் பிரித்து மூத்திரத்தில் அனுப்பிவிடும். வடிகட்டி அடைத்துக்கொண்டால் கழிவு ரத்தத்திலேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். என் ரத்தத்தில் அது ஏறியிருந்த அளவைப் பார்த்துவிட்டு, நான் நடந்தா வந்தேன் என்று கேட்டார்கள். ஆமாம், நடந்துதான் போனேன். வழியில் மைதா மூட்டைக்கு வேறு சொல்லிவிட்டுப் போயிருந்தேன்.

சிறுநீரக டாக்டர் ஒரு பெண். சின்ன வயது. சுற்றி வளைக்காமல் பேசுவார். "என்ன மாத்திரை போடுவீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "எத்தனை வருஷமா?" அதையும் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இந்த மாத்திரையும், அந்தச் சூடும், தண்ணி குடிக்காததும் மூணும் சேந்து வேலை பாத்திருக்கு. பிரஷர் வேற. ஆனா ஸ்கேன்ல கிட்னி ரொம்பச் சுருங்கல. கொஞ்சம் டேமேஜ் புதுசு மாதிரி தெரியுது. அது திரும்பி வரலாம். வராமலும் போகலாம். ரெண்டு மூணு மாசம் டயாலிசிஸ் பண்ணிக்கிட்டே காத்திருப்போம்."

"வந்துட்டா?"

"டயாலிசிஸுக்கு வைக்கிற கழுத்துக் குழாய எடுத்துருவோம். மாத்திரையோட, கவனமா, வேலைக்குப் போகலாம்."

"வரலன்னா?"

"கையில ஒரு ஆபரேஷன் பண்ணணும். பிஸ்துலான்னு சொல்லுவோம். அப்புறம் ஆயுசுக்கும் டயாலிசிஸ். அந்தக் கையால வெயிட் தூக்கக் கூடாது, அடிபடக் கூடாது, அனல்ல நிக்கக் கூடாது."

புரோட்டாவை ஒரு கையால் வீச முடியாது. மாவைப் பிசைய, இழுக்க, சுருட்ட, கல்லிலிருந்து எடுத்து இரண்டு பக்கமும் சேர்த்து அடிக்க எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும். ஆக எனக்கு முன்னால் இருந்த கேள்வி எளிதானது. சிறுநீரகம் விழித்தால் நான் மாஸ்டர். விழிக்காவிட்டால் நான் யாரென்று எனக்குத் தெரியாது.

டயாலிசிஸ் என்பது ரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, திரும்ப உள்ளே விடுவது. கழுத்தோரம் மரத்துப்போகச் செய்து குழாய் வைத்தார்கள். வலியைவிடப் பயம்தான் பெரிது. என் ரத்தம் எனக்கு வெளியே ஓடுவதை முதல் நாள் பார்த்தபோது, இந்தக் கரண்டு போனால் என்ன ஆகும் என்று நர்ஸிடம் மூன்று முறை கேட்டேன். "ஜெனரேட்டர் இருக்கு அண்ணாச்சி" என்று மூன்று முறையும் சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் போக வேண்டும், ஞாயிறு விடுமுறை. நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

முதல் சில வாரம் நான் அசையாமல் படுத்திருந்தேனா என்ன? படுத்துக்கொண்டே கடை நடத்தினேன். எண்ணெய் வந்ததா, வெங்காயத்துக்குப் பாவூர்சத்திரத்துக்கு ஆள் போனதா, எவன் லீவு என்று போனிலேயே கத்திக்கொண்டிருந்தேன். பிரஷர் ஏறி இயந்திரம் கூவும். நர்ஸ் ஓடிவந்து, "அண்ணாச்சி, ஒண்ணு போன வைங்க, இல்ல என்ன வீட்டுக்கு அனுப்பிருங்க" என்பாள்.

பக்கத்துக் கட்டிலில் கடையநல்லூர் காதர் பாய். துபாயில் வெகுகாலம் டிரைவராக இருந்தவர். என் கூத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கிடப்பார்.

"அங்கன எங்களுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருக்க லீவு உண்டும் மாஸ்டர். நான் லீவுல வர மாட்டேன். லீவுக்குப் பதிலா சம்பளமா குடுத்துருங்கன்னு எழுதிக் குடுத்துருவேன். கம்பெனிக்கும் சந்தோசம், எனக்கும் சந்தோசம். இப்பம் அத்தன லீவையும் சேத்து இங்கன படுத்துக் கழிக்கேன்."

"நல்லா கழிக்கீரு வே" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

இந்த நோயில் தண்ணீருக்கு அளவு உண்டு. மூத்திரம் சரியாகப் போகாததால் குடிப்பது உடம்பிலேயே தங்கி நுரையீரலில் ஏறிவிடும். ஒரு பாட்டிலில் லெட்சுமி கோடு போட்டு வைத்தாள், ஒரு நாளைக்கு அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்கத் தாகத்தை அடக்கி நின்றவனுக்கு, குடிக்க நேரம் கிடைத்தபோது குடிக்கக் கூடாது என்று ஆனது. கழுத்துக் குழாயில் ஈரம் படக் கூடாது என்பதால் தலைக்கு ஊற்றவும் முடியாது. ஈரத்துணியால் துடைத்துவிடுவாள். காய்களைப் பொடியாக நறுக்கி, வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உப்பில்லாமல் சமைத்தாள். காய்களில் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்பு கூடினால் இதயம் நின்றுவிடும் என்று சொல்லியிருந்தார்கள். அவளும் அதையே சாப்பிட்டாள். "நீ ஏம்ட்டி இந்தச் சவத்தத் திங்க?" என்று கேட்டால், "எனக்கு ருசியாத்தான் இருக்கு" என்பாள். அவள் என் எதிரில் தண்ணீர் குடிப்பதே இல்லை என்பதை நான் கவனிக்க வெகுநாளானது. ஒருநாள் அடுக்களைப் பக்கம் போனபோது, பின்வாசலில் திரும்பி நின்று செம்பைச் சத்தமில்லாமல் சாய்த்துக்கொண்டிருந்தாள். நான் பார்க்காதது போலத் திரும்பி வந்துவிட்டேன்.

வைகாசி வாக்கில் என் உடம்புக்கு ஒரு நடை இருப்பது பிடிபட்டது. இயந்திரத்தில் படுத்து எழுந்த நாள் பிழிந்த துணிபோல இருப்பேன், பேசவும் தெம்பிருக்காது. மறுநாள் காலையில் கண்ணில் வெளிச்சம் வரும். டீக்கு அப்புறம் மதியம் வரை நான் நானாக இருப்பேன். சாயங்காலம் கால் கனக்கத் தொடங்கும். மதியம் வரைக்குமான அந்த நேரத்தில் ஒரு வேலை செய்யலாம், ஒன்றே ஒன்று. சால்னா மசாலாவுக்குப் பக்குவம் சொல்வதோ, ஒரு ஆளைப் பேசி முடிப்பதோ. இரண்டாவதாக ஒன்றைத் தொட்டால் மறுநாளையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இதை மீறிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் அடி வாங்கினேன். கடைசியில் அதற்கு அடங்கினேன். அடங்கிய பிறகு ஆச்சரியமாக, அந்த ஒரு வேலை சுத்தமாக முடிந்தது. நாள் முழுக்க நின்ற காலத்தில் இப்படி எதையுமே முழுசாக யோசித்துச் செய்ததாக நினைவில்லை. உடம்பு இதை எப்போதிருந்து சொல்லிக்கொண்டிருந்ததோ தெரியவில்லை. மாத்திரை போட்டு அதன் வாயை அடைத்துவிட்டு, அது ஒன்றும் சொல்லவில்லை என்று நினைத்திருந்தேன். இந்த அறிவை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்பது வேறு விஷயம்.

ஆனி பிறந்தது. மேற்கே மலை தெரியாமல் மேகம் மூடியது. சாரல் விழுந்தது. அதே வாரம் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு முதன்முறையாகச் சிரித்தார்.

"யூரின் கொஞ்சம் கூடியிருக்கு. கிரியாட்டினின் ஏறுற வேகமும் குறைஞ்ச மாதிரி இருக்கு. இந்த வாரம் டயாலிசிஸ விட்டுப் பாப்போமா? வீட்டுல முழு ரெஸ்ட். மூச்சு வாங்கினா உடனே வந்துரணும்."

லெட்சுமி அங்கேயே கண்ணை மூடிக் கும்பிட்டாள். பண்பொழி திருமலைக் கோயிலுக்கு என்னை நடத்தியே கூட்டிவருவதாக வேண்டிக்கொண்டாள். "நடக்கப் போறது நான், வேண்டுதது நீயா?" என்று கேலி செய்தேன். எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த நாட்களில் நான் ஓய்வெடுத்ததுபோல எவனும் எடுத்திருக்க மாட்டான். போனை அணைத்து மகளிடம் கொடுத்துவிட்டேன். கடைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. வாசலில் வேன் வேனாகக் கூட்டம் போனது. சுடலைமுத்து ஒற்றை ஆளாகக் கல்லில் நின்று திணறுகிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எழவில்லை. பார்க்க வந்தவர்களை லெட்சுமி வாசலோடு திருப்பி அனுப்பினாள். பாட்டிலில் கோடு போட்ட அளவைக்கூட முழுசாகக் குடிக்கவில்லை. ஓடு மேல் சாரல் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பரீட்சை எழுதுவதுபோலக் கவனமாகத் தூங்கினேன். வாழ்க்கையில் முதன்முறையாகச் சும்மா இருப்பதில் கூச்சம் இல்லாமல் இருந்தது. இனி இப்படித்தான், மாசியில் கடையை அடைத்துவிட வேண்டும், தண்ணீர்ப் பாட்டிலைக் கல்லுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் திட்டம் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். மூச்சு ஏறவில்லை. எழுந்து உட்கார்ந்தால் ஏறியது. படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல அழுத்தியது. காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. வெளியே சொன்னால் உண்மையாகிவிடும் என்று தோன்றியது. லெட்சுமி என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தெருவில் போன ஆட்டோவை மறித்தாள்.

சாலையில் நகர இடமில்லை. சீசன் சனிக்கிழமை. குளித்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்புகிற வண்டிகள், சன்னலில் காயும் துண்டுகள், மேளம், விசில். ஆட்டோக்காரர் கையைத் தூக்கிக் கெஞ்சிக்கொண்டே ஊர்ந்தார். நான் லெட்சுமியின் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்தேன். அப்போது பக்கத்தில் நின்ற வேனிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி! நீங்க இங்கன இருக்கீங்க? கடை தொறந்திருக்கா? ராத்திரிக்கு வரலாம்னு இருக்கோம்."

எனக்குப் பேச வரவில்லை. லெட்சுமிதான் சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "தொறந்திருக்கு. போங்க, என் தம்பி நிக்கான்."

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, நேராக இயந்திரத்தில் போட்டார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. கிரியாட்டினின் பங்குனியில் இருந்த இடத்துக்கே திரும்பிப் போயிருந்தது. அடுத்த நாள், ஞாயிறு என்றும் பாராமல் டாக்டர் வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"நான் நல்லா ரெஸ்ட் எடுத்தேன் டாக்டர்" என்றேன். இவளைக் கேட்டுப் பாருங்கள் என்று லெட்சுமியைக் காட்டினேன்.

"தெரியும். நீங்க ஒண்ணும் தப்பா பண்ணல. ரெஸ்ட் எடுத்தா திரும்பி வர்ற கட்டத்த அது தாண்டிருச்சு, அவ்வளவுதான். இனிமே காத்திருக்க வேண்டாம். கைய ரெடி பண்ணிருவோம்."

ஏதாவது தப்புச் செய்து அதனால் போயிருந்தால்கூட ஏசிக்கொள்ள ஒரு ஆள் இருந்திருப்பான். ஒரு தப்பும் செய்யாமல் போனதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றுவரை தெரியவில்லை.

லெட்சுமி தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றாள். சோதித்ததில் அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கே தெரியும். எடுக்க முடியாது என்றார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், குற்றம் செய்தவள்போலத் தலையைக் குனிந்தே வந்தாள். "ஏட்டி, உனக்குச் சுகர்னா அது உன் தப்பா?" என்று கேட்டேன். காவேரி, "அப்போ என்னப் பாக்கச் சொல்லுங்க" என்றாள். தெருவே கேட்கும்படி அவளை ஏசிவிட்டேன். அவளும் விடவில்லை, மூன்று நாள் என்னோடு பேசவில்லை. இறந்தவர்களிடமிருந்து கிடைக்கிற சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து வைத்திருக்கிறோம். எனக்கு முன்னால் எத்தனையோ பேர் காத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை டயாலிசிஸுக்குப் போனபோது காதர் பாய் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார். நர்ஸைப் பார்த்தேன். அவள் என் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே, "இன்னைக்குப் போன் பேசல போல அண்ணாச்சி" என்றாள்.

ஆடியில் இடது மணிக்கட்டில் ஆபரேஷன். நல்ல ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயையும் கெட்ட ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாயையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். அந்த வேகத்தில் நரம்பு தடித்து, இயந்திரத்தின் ஊசியைத் தாங்கும். அதுதான் பிஸ்துலா. தையல் போட்ட இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று அதிரும். டாக்டர் என் வலது கையை எடுத்து அதன்மேல் வைத்தார்.

"இது ஓடிக்கிட்டே இருக்கணும். தினமும் காலைல எந்திரிச்சதும் தொட்டுப் பாருங்க. அதிர்வு இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம். நின்னுட்டா அந்த நிமிஷமே வரணும். அடைச்சுப் போனா கஷ்டம்."

"தூங்கும்போதும் ஓடுமா?"

"தூங்கும்போதும்தான். அது ஓஞ்சுரக் கூடாது."

காவேரி மிச்சமிருந்த கோபத்தையும் மறந்து என் மணிக்கட்டில் காதை வைத்துக் கேட்டாள். "இரையுதுப்பா" என்றாள். அந்தக் கையை இனி மாவில் வைக்க முடியாது. சுடலைமுத்து கடைக்கு வேறு மாஸ்டரைப் போட்டிருக்கிறான். நல்ல பையன், வீச்சு கொஞ்சம் அவசரம். முதல் நாளே அவனிடம் வலி மாத்திரை வேண்டாம், தண்ணீர் குடி என்று சொல்லச் சொன்னேன். சுடலைமுத்துவும் சொன்னானாம். "அவன் சிரிக்கான் அத்தான்" என்றான்.

லெட்சுமி எப்போதும் எனக்கு முன்னால் எழுந்துவிடுவாள். கல்யாணமான நாளிலிருந்து என் தோளைத் தட்டி, "நேரமாச்சு, எந்திங்க" என்று எழுப்பியது அவள்தான். இப்போதும் விடியுமுன் என்னைத் தொடுகிறாள். தோளைத் தொடுவதில்லை. நான் தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, இடது மணிக்கட்டைப் பையப் பிடித்து, மூச்சை அடக்கிப் பார்க்கிறாள். நான் கண்ணைத் திறப்பதில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

"ஓடுது" என்கிறாள். "நீங்க படுங்க."